படைப்பயிற்சிக்குச் செல்வோர் வீட்டில் வைத்துச் செல்ல வேண்டியவை

திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரன்பட்டினத்தை அடுத்துள்ள மணப்பாடு, கடலை நோக்கி நீண்ட மணற்குன்றைச் சார்ந்து அமைந்த ஊர். 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தங்கியதாகக் காட்டப்படும் குகையும், 1581ஆம் ஆண்டில் எழுந்த திருச்சிலுவை ஆலயமும் அவ்வூருக்குப் பெயர் தந்தவை. ஊராரின் ஜீவனமோ கடலையும் பனையையும் பற்றியது. ஆடவர் வலையெடுத்துக் கடல்மேற் செல்ல, மகளிர் பனையோலையில் பெட்டியும் கொட்டானும் முடைந்து குடும்பத்திற்கு உதவுகின்றனர். அலையோடு பழகி வளர்ந்த இத்தகைய ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடற்படையும் கடலோரக் காவற்படையும் எட்டாத உத்தியோகங்கள் அல்ல. தூத்துக்குடியிலேயே கடலோரக் காவற்படையின் நிலையம் இருக்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இப்படைகளிற் சேருவதற்குரிய முன்பயிற்சியைத் தமிழ்நாட்டுக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமமும் அளித்து வந்திருக்கிறது.

ஒரு வீட்டுக்கு அழைப்புக் கடிதம் வந்துவிட்டால், அவ்வீட்டாரின் கவனமெல்லாம் பெட்டியில் எதை எடுத்து வைப்பது என்பதிலேயே சென்றுவிடுகிறது. பாட்டி கருப்பட்டி கட்டுகிறாள். தாயார் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மகனுக்குப் போட நினைக்கிறாள். தாய்மாமன் புதுக் கைபேசி வாங்கி வருகிறார். அன்பினாற் செய்யப்படும் இவற்றைக் குறைகூறுதற்கில்லை. ஆயினும், பிள்ளை கொண்டுபோகும் பொருளைக் காட்டிலும் அவன் வீட்டில் வைத்துப் போவனவே குடும்பத்தின் க்ஷேமத்தை நிர்ணயிப்பவை. பெட்டியில் ஒரு சட்டை குறைந்தால் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் ஒரு கையெழுத்துக் குறைந்தால், அதைப் பெறுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் மைல் ரயிலேற நேரிடும்.

கடற்படையில் மாலுமிகளாகச் சேருவோர்க்கு முதற்பயிற்சி அளிக்கப்படும் இடம், ஒடிசா மாநிலத்தில் சிலிகா ஏரிக்கரையிலுள்ள ஐ.என்.எஸ். சிலிகா. கடலோரக் காவற்படையின் நாவிக்குகளும் தொடக்கப் பயிற்சிக்கு அங்கேயே செல்வது வழக்கம். அக்னிபாத் திட்டம் 2022 ஜூன் 14ஆம் நாள் அறிவிக்கப்பட்டபின் கடற்படையிற் சேர்ந்த முதல் தொகுதியினர், 272 பெண்கள் உட்பட 2,500க்கு மேற்பட்டோர், 2023 மார்ச் 28ஆம் நாள் அங்கே பயிற்சி முடித்து அணிவகுத்தனர். தரைப்படையிற் சேருவோர் அவரவர் படைப்பிரிவின் மையத்துக்குச் செல்வர். மதராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. கடற்கரை வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அவ்வூர்க் குளிர் புதிது. ஆதலின் அங்கே செல்வோர் ஒரு கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுதல் வீண் சுமையாகாது.

எந்த மையமாயினும் வாழும் முறை பெரும்பாலும் ஒன்றே. பலர் ஒரே கூடத்திற் படுத்துறங்குவர். ஒருவருக்கு ஒரு கட்டிலும், சாமான் வைக்கச் சிறிதளவு இடமுமே உண்டு. அதனுள் எது எங்கே இருக்க வேண்டுமென்பதற்கும் விதி உண்டு. மேலாளர் வந்து திறந்து பார்ப்பார். சீருடையும் காலணியும் சர்க்கார் கொடுப்பவை. ஆகவே திருவிழாவுக்குத் தைத்த உடைகளைப் பெட்டி நிறைய அடுக்கிச் செல்பவர், அவற்றை உடுத்தும் நாளையும் காணார், வைக்கும் இடத்தையும் காணார். பிற தேசங்களிலும் இதுவே நிலை. அமெரிக்கக் கடற்படையின் கிரேட் லேக்ஸ் பயிற்சி நிலையத்திற் சேருவோர், தாம் உடுத்து வந்த உடையையே ஒரு பெட்டியிலிட்டு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம். அழைப்புக் கடிதத்துடன் கொண்டுவர வேண்டிய பொருள்களின் ஜாபிதா ஒன்று வரும். அதற்கு மேற்பட்டது எதுவாயினும், அது வீட்டில் இருக்கத்தக்கது என்று கொள்ளுதல் நன்று.

பெட்டியில் வேண்டாதவை

முதலில் விட்டுச் செல்ல வேண்டியது தங்கம். சங்கிலி, மோதிரம், விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஆகியவை ஓட்டத்திலும் நீச்சலிலும் உடலிற் கிடக்கத்தக்கவை அல்ல. கழற்றி வைத்தாலோ, காவல் காக்க ஆளில்லை. காணாமற் போன ஒரு மோதிரம், உடன் பயிலும் நாற்பது பேர்மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும். கழுத்திற் சிலுவை அணியும் வழக்கமுடையோர், வெள்ளியையும் பொன்னையும் விட்டு, மரத்தாலானதொன்றைப் பையில் வைத்துக்கொண்டால் பக்தி குறைந்துவிடாது. மகளைப் பயிற்சிக்கு அனுப்பும் வீட்டாரும் கம்மல், மூக்குத்தி, வளையல் ஆகியவற்றை முன்னதாகவே கழற்றி வைக்கச் செய்தல் வேண்டும். புறப்படும் நாளில் ரயிலடியில் நின்று கழற்றும் நகை, வழித்துணையாக வந்தவர் மடியில் ஏறி எங்கெங்கோ சென்றுவிடுவதுண்டு.

ரொக்கம் வழிச்செலவுக்கும் அதற்குச் சிறிது மேலும் போதும். தின்பண்டத்தைப் பொறுத்தவரை, ரயிலில் தின்று முடியும் அளவே அளவு. பனையோலைக் கொட்டானிற் கட்டிய கருப்பட்டியை எவரும் வெறுக்கமாட்டார். கருவாட்டின் சங்கதி வேறு. மணப்பாட்டில் மணமென்று தோன்றுவது, நாற்பது பேர் படுக்கும் கூடத்தில் அவ்வாறு தோன்றுவதில்லை.

புகையிலை, பான், மது ஆகியவற்றைப் பெட்டியில் மட்டுமன்றி உடலிலும் விட்டுச் செல்லுதல் வேண்டும். இதற்குப் புறப்படும் நாள் போதாது, சில மாதங்களுக்கு முன்னரே தொடங்க வேண்டும். மருத்துவர் எழுதித் தராத மாத்திரைகளையும், உடல் பெருக்கும் பொடிகளையும் தொடாதிருப்பது நலம். பச்சை குத்துதல் ஒன்றே வீட்டில் விட்டுச் செல்ல இயலாத அலங்காரம். முன்கையின் உட்புறம் போன்ற சில இடங்களிலன்றிப் பிற இடங்களிற் பச்சை குத்தியோரைச் சேர்ப்பதில்லை என்ற விதியைப் படகின் பெயரையும் காதலியின் பெயரையும் தோளிற் பொறித்துக்கொள்ள விரும்பும் இளைஞர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

வீட்டில் விட்டுவிடக் கூடாதவை

சில பொருள்களைப் பத்திரமாக இருக்கட்டுமென்று வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, நகல்களை மட்டும் எடுத்துச் செல்வோர் உளர். இது தவறு. பள்ளிச் சான்று, மதிப்பெண் பட்டியல், இருப்பிடச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் முதலியவற்றுள் கடிதத்திற் குறித்தவை அனைத்தின் அசலும் உடன் செல்ல வேண்டும். வீட்டில் இருக்க வேண்டியவை நகல்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றைச் சங்கத்துக் கட்டிலும் வைத்தால், அசல் தொலைந்தபோது எண்ணையும் தேதியையும் தேடி அலைய நேராது.

இக்கரையூர்களில் மற்றொரு தொல்லையும் உண்டு. போர்த்துக்கேசியர் காலத்திலிருந்து வழங்கும் குடும்பப் பெயர்கள் ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒருவாறும், பள்ளிச் சான்றில் வேறொருவாறும், ஆதாரில் மூன்றாம் விதமாகவும் எழுதப்பட்டிருத்தல் கூடும். ஒன்றிற் பெயர் முழுமையாக இருக்கும். மற்றொன்றில் தலையெழுத்து மட்டும் இருக்கும். ஊரில் எல்லாரும் அறிந்த பிள்ளையாதலால் இதுவரை எவரும் வினவியதில்லை. சான்று சரிபார்க்கும் அதிகாரியோ ஊரை அறியார், எழுத்தையே அறிவார். விண்ணப்பம் எழுதுமுன்னரே இதனைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். தாய் தந்தையரின் பெயருக்கும் இவ்விதி பொருந்தும். ஏனெனில் பிள்ளையின் காகிதங்களில் அப்பெயரே நியமனத்துக்கு எழுதப்படும்.

கைபேசியும் அதன் எண்ணும்

கைபேசியைக் கொண்டு செல்லலாமா என்பதை அழைப்புக் கடிதத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கொண்டு சென்றாலும், பயிற்சிக் காலத்தில் அது எந்நேரமும் கையில் இருக்கவிடப்படுவதில்லை. விலை குறைந்த கருவியே போதுமானது. ஆனால் அங்கத்தினர்கள் கருவியைவிட அதனுள் இருக்கும் எண்ணையே முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். எழுதப் படிக்க நன்கறிந்த மகனின் எண்ணையே குடும்பத்தின் சகல காரியங்களுக்கும் கொடுத்துவைப்பது இக்காலத்துப் பழக்கமாகிவிட்டது. தாயாரின் வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, எரிவாயு, சங்கத்துக் கணக்கு ஆகிய எல்லாவற்றிற்கும் அந்த ஒரே எண். ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறை எண் சிலிகாவிற் பூட்டிய பெட்டிக்குள் ஒலிக்க, மணப்பாட்டில் தாயார் வங்கிச் சாளரத்தின் முன் கைகட்டி நிற்பாள்.

ஆதலால் பிள்ளை புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே, தாயார் அல்லது தந்தையாரின் பேரில் ஓர் எண் பெற்று, வீட்டுக் கணக்குகளையெல்லாம் அந்த எண்ணுக்கு மாற்றிவிடுதல் வேண்டும். மகனுடைய சேமிப்பிலிருந்து வீட்டார் பணம் எடுக்க வேண்டியிருந்தால், ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் எழுதிக் கொடுத்துச் செல்வது ஆபத்தான வழி. இருவர் பேரிலும் கணக்கு வைத்து, இருவரில் எவரும் எடுக்கலாமென்று எழுதி வைப்பதே ஒழுங்கான வழி.

சங்கத்தில் தீர்த்துச் செல்ல வேண்டியவை

இங்கேதான் குடும்பங்கள் பெரும்பாலும் தவறுகின்றன. சங்கத்தார் சற்று முன்வந்து உதவினால் தவிர்க்கக்கூடிய தவறுகளும் இவையே.

ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். தந்தையார் பேரில் ஏற்கெனவே பாக்கி இருப்பதால், 20 வயது நிறைந்த மகன் பேரில் தாயாரின் நகையை ஈடுவைத்துச் சங்கத்திற் கடன் பெற்று வலை வாங்குகின்றனர். அடுத்த மாதம் மகனுக்கு அழைப்பு வருகிறது, சென்றுவிடுகிறான். மீன் நன்றாகப் பட்டு, தாயார் பணத்தோடு நகையை மீட்கச் செல்கிறாள். நகை தாயாருடையதென்பதைச் சங்கத்துக் காரியதரிசியும் அறிவார், ஊரும் அறியும். ஆயினும் ஈட்டுச்சீட்டு மகன் பேரில் இருக்கிறது. அவன் கையெழுத்தின்றி, அல்லது அவன் முறைப்படி எழுதிக் கொடுத்த அதிகாரமின்றி, நகையை வெளியே கொடுக்கக் காரியதரிசிக்கு உரிமை இல்லை. கொடுத்தால் தணிக்கையில் அவரே பதில் சொல்ல வேண்டும். வட்டி வளர்ந்துகொண்டே போகும். இதற்குப் பரிகாரம் மிக எளிது. புறப்படுமுன் நகையை மீட்டு, வேண்டுமாயின் தாயார் பேரிலேயே மறுபடி ஈடுவைத்தல். அது முடியாவிடில், மீட்கும் அதிகாரத்தை முறையாக எழுதிக் கையொப்பமிட்டுச் சங்கத்தில் ஒப்படைத்தல்.

ஜாமீன் கடன் இன்னும் கவனத்துக்குரியது. படையிற் சேர்ந்தவனைக் கடன்காரர் ஒன்றும் செய்ய முடியாதென்ற பேச்சு கிராமங்களில் உலவுகிறது. இதிற் பாதி உண்மை உண்டு. 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டப்படி, அச்சட்டத்துக்கு உட்பட்ட வீரர் ஒருவரைக் கடனுக்காகச் சிவில் கோர்ட்டு கைது செய்விக்க முடியாது. அவர் சம்பளத்தை ஜப்தி செய்யவும் முடியாது. அதற்கு முன்னரே, 1925ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம், போர்ப் பணியிலும் அச்சட்டம் குறிக்கும் விசேஷ நிலைமைகளிலும் இருப்போர்க்கு, அவர் வராதபோது வழக்கு ஒருதலையாகத் தீர்ந்துவிடாமல் பாதுகாப்பு அளித்தது. பேச்சிற் சொல்லாமல் விடப்படும் மறுபாதி எதுவெனில், இந்தப் பாதுகாப்பு ஜாமீன்தாருக்கு இல்லை என்பது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, வேறுவிதமாக எழுதிக்கொண்டாலன்றி, கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே ஜாமீன்தாரின் பொறுப்பும். மகன் சிலிகாவில் அணிவகுத்து நிற்க, அவனுக்காகக் கையெழுத்திட்ட சித்தப்பாவின் வாசலுக்கு நோட்டீஸ் வரும். அவரிடம் இருப்பது ஒரு நாட்டுப்படகும் இரண்டு மடி வலையுமாக இருக்கலாம்.

1904ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் இம்மாகாணத்துக் கிராமக் கடன் சங்கங்கள் தொடங்கிய நாளிலிருந்தே, நிலமோ நகையோ இல்லாதவனுக்கும் கடன் கிடைக்க வழி செய்தது அயலானின் கையெழுத்துத்தான். ஒரு பிள்ளையின் பாக்கிக்காக ஒரு ஜாமீன்தார் நொந்துபோனால், அத்தெருவில் அடுத்த பிள்ளைக்குக் கையெழுத்திட எவரும் வரார்.

ஆகவே பயிற்சிக்குச் செல்லும் அங்கத்தினர் சங்கத்திலிருந்து ஒரு பாக்கிச் சீட்டுப் பெற்று, அசல், வட்டி, தவணை நாள் ஆகியவற்றை வீட்டாரும் ஜாமீன்தாரும் உடனிருக்கப் படித்துக் காட்டச் செய்தல் வேண்டும். தவணையை யார் செலுத்துவதென்று அப்போதே முடிவாக வேண்டும். தாமே பிறருக்கு ஜாமீனாக நின்றிருந்தால் அதனையும் வெளியிட வேண்டும். இதனை மறந்து சென்றவர்களே அதிகம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பங்கைக் குடும்பத்துக்கென ஒதுக்கி எழுதிவைப்பான். அது மாதந்தோறும் தபால் வழியே வீட்டை அடையும். இக்காலத்தில் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் நிலையான உத்தரவு ஒன்று எழுதிக் கொடுத்தால், குறித்த தேதியில் குறித்த தொகை வீட்டுக் கணக்குக்கோ கடன் கணக்குக்கோ சென்றுவிடும். அவ்வேற்பாடு நடைபெறும்வரை இரண்டு மூன்று மாதத் தவணைக்குரிய தொகையைச் சேமிப்புக் கணக்கில் வைத்துச் செல்லுதல் உசிதம்.

பங்குத் தொகையும் வைப்புத் தொகையும் உடையோர், தமக்குப்பின் அவற்றைப் பெறத்தக்கவரின் நியமனத்தைச் சங்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதனை அபசகுனமாகக் கருதுவோர், அதிகாலையிற் கடலுக்குச் செல்லும் ஒவ்வொரு மீனவரும் இதே அபாயத்தோடுதான் செல்கிறார் என்பதை நினைப்பது நலம். அக்னிவீரர்களுக்கு, அவர்களிடம் சந்தா வாங்காமலேயே 48 லட்சம் ரூபாய் ஆயுட் காப்பீடு உண்டு. அதற்கு எழுதும் பெயரும் சங்கத்தில் எழுதிய பெயரும் ஆதாரிலுள்ள எழுத்துப்படியே இருத்தல் வேண்டும். திட்டத்தில் 17½ வயதிலேயே சேர இடமுண்டு. ஆனால் 18 வயது நிறையாதவர் எழுதித் தரும் கடன் பத்திரமும் அதிகாரப் பத்திரமும் செல்லுபடியாகா. அத்தகைய பிள்ளையின் பேரில் எந்தப் பொறுப்பையும் ஏற்றாதிருப்பதே வீட்டாருக்கும் சங்கத்துக்கும் நன்மை.

படகுப் பங்கும் வரப்போகும் பணமும்

அழைப்புக் கடிதம் வந்ததும் படகிலுள்ள பங்கை விற்றுவிடுவதும், சங்கத்திலிருந்து பெயரை நீக்கிக்கொள்வதும் அவசரச் செயல்கள். கடற்படைக்குச் செல்வோர்க்கு இறுதி மருத்துவப் பரிசோதனை சிலிகாவை அடைந்த பின்னரே நடைபெறும். அதில் தேறாதவர் வீடு திரும்ப நேரும். பல்லிலோ செவியிலோ கண்ணிலோ காணும் சிறு குறை, உழைப்பாளியான ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பப் போதுமானது. அதில் இழிவு எதுவும் இல்லை. வலையும் பங்கும் இருந்தால் அவன் மறுநாளே கடலுக்குச் செல்வான். விற்றுவிட்டிருந்தால், பிறர் படகில் கூலிக்கு ஏற வேண்டியவன் ஆவான். பதிவு செய்யப்பட்ட படகு அவன் பேரில் இருந்தால், மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்து, அவன் இல்லாத காலத்தில் படகைக் கவனிப்பவருக்குரிய அதிகாரத்தை எழுதிப் பெறுதல் வேண்டும்.

வரப்போகும் சம்பளத்தை எண்ணி இன்றே கடன் வாங்குதல் மற்றோர் இடறல். திட்டம் அறிவிக்கப்பட்டபோது அக்னிவீரருக்கு முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய் என்றும், அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடிக்கப்பட்டு 21,000 ரூபாய் கைக்கு வருமென்றும் வகுக்கப்பட்டது. நான்காம் ஆண்டில் 40,000 ரூபாயில் 28,000 கைக்கு வரும். நான்கு ஆண்டுகளிற் பிடிக்கப்படும் தொகை 5.02 லட்சம், சர்க்காரும் அவ்வளவே சேர்க்க, வட்டி நீங்கலாக 10.04 லட்சம் ரூபாய் சேவைக் காலம் முடிந்தபின் கிடைக்கும். நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் 25 சதவீதம் வரையிலேயே. இவை நல்ல தொகைகள். ஆனால் அழைப்புக் கடிதத்தைக் கண்ட மாத்திரத்தில் மீன் ஏலக்காரர் தாமே முன்வந்து முன்பணம் நீட்டுவார். அதற்குப் பதிலாகப் பிடிக்கும் மீனையெல்லாம் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க நேரும். மகனின் மாதம் 21,000 ரூபாயை நம்பித் தந்தையின் மீன்விலையை அடகு வைப்பது இதுவே. நான்காண்டும் திருமணமின்றி இருத்தல் வேண்டுமென்பது திட்டத்தின் விதியாதலால், சேவா நிதியைக் காட்டிச் சம்பந்தம் பேசுவதும், அதன்பேரில் வீடு கட்டத் தொடங்குவதும் சற்றுப் பொறுக்கத்தக்கவை. தம் விருப்பத்தால் இடையில் விலகுவோர்க்குத் தாம் செலுத்திய பங்கும் அதன் வட்டியுமே உண்டு. சர்க்காரின் பங்கு இல்லை.

பிள்ளை புறப்படுவதற்கு முந்திய வாரத்தில், சங்கத்துக் காரியதரிசி அவனையும் பெற்றோரையும் ஜாமீன்தாரையும் ஒரு மணி நேரம் அழைத்து உட்காரவைத்தால், மேற்கூறியவற்றிற் பெரும்பாலானவை அன்றே முடிந்துவிடும். பாக்கிச் சீட்டு, நகைச் சீட்டு, அதிகாரப் பத்திரம், நியமனத்தின் நகல், சான்றுகளின் நகல்கள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டுத் தாயாரிடம் கொடுத்தல் வேண்டும். மணப்பாட்டில் அவற்றை வைக்க மூடியுள்ள பனையோலைப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. கரையான் ஏறாத உயரத்தில் வைத்தாற் போதும். பயிற்சி நிலையத்தில் அவனுக்கு ஒரு சேவை எண் கொடுக்கப்படும். அவன் எழுதும் முதற் கடிதத்தில், அல்லது பேசும் முதற் பேச்சில், அந்த எண்ணைக் கேட்டு வாங்கி உறையின்மேலும் சங்கத்துப் பேரேட்டிலும் குறித்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ பயிற்சி நிலையத்துக்கோ குடும்பத்தார் பின்னர் எழுதும் எந்த மனுவிலும் பெயருக்கு முன்னே கேட்கப்படுவது அந்த எண்ணே.